பதவியில் இருந்த நாளை எண்ணுவதா, விட்டுப்போனதை எண்ணுவதா?

#1 வைகைக்கரை

தேர்தல் பேச்சு தொடங்கினாலே ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. தமிழ்நாட்டு முதலமைச்சர்கள், யார் மொத்தம் எத்தனை நாள் நாற்காலியில் இருந்தார்கள், யார் முதலிடம். கலைஞர் ஐந்து முறை, கிட்டத்தட்ட 19 ஆண்டுகள். ஜெயலலிதா 14 ஆண்டுகளுக்கு மேல். எம்.ஜி.ஆர். ஏறத்தாழ பத்து. காமராஜர் ஒன்பதரை. அப்புறம் பட்டியலில் வெகு கீழே போய்த் தேடினால் அண்ணா. இரண்டு ஆண்டுகூட முடியவில்லை.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. அண்ணா பதவியேற்றது 1967 மார்ச் 6. மறைந்தது 1969 பிப்ரவரி 3. அதிலும் கடைசிச் சில மாதங்கள் நோய், அமெரிக்காவில் சிகிச்சை. அந்த நேரத்துக்குள் மூன்று காரியங்கள் நடந்தன. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆக்கினார். முன்பே அப்படி நடந்திருந்த திருமணங்களுக்கும் சேர்த்து. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர்.

இந்த மூன்றையும் அதற்குப் பிறகு வந்த எந்த ஆட்சியும் தொடவில்லை. எதிர்க்கட்சி வந்தது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, நெருக்கடிநிலை வந்தது. மூன்றும் அப்படியே நிற்கின்றன. இவற்றை மாற்ற நினைப்பவனுக்கு ஓர் அச்சம் வரும், அந்த அச்சம் இருக்கும்வரை ஆள்வது இந்த அண்ணாதுரைதான் என்ற பொருளில் அவர் பேசியது இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும்.

அதனால் என் அளவுகோல் இது: ஒருவருக்குப் பிடிக்காதவர் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகும் அவர் செய்ததில் எது மிஞ்சி நிற்கிறதோ அதுதான் அவருடைய உண்மையான பதவிக்காலம். உங்கள் அளவுகோல் என்ன?

#2 கொங்குநாடன்

வைகைக்கரை, அண்ணாவைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் சட்டம், தீர்மானம், பெயர். பெரும்பான்மையும் துணிச்சலும் இருந்தால் ஒரு கூட்டத்தொடரில் முடியக்கூடியவை. அணை அப்படி இல்லைங்க. கால்வாய் அப்படி இல்லை. மலையைக் குடைந்து தண்ணீரைத் திருப்புவதற்குக் காலம் வேண்டும், அந்தக் காலம் முழுக்க ஒரே நோக்கம் வேண்டும்.

நான் பி.ஏ.பி. பாசனத்தில் பிறந்து வளர்ந்தவன். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் என்பது மேற்கே போகும் தண்ணீரை அணை அணையாகத் தேக்கி, சுரங்கம் வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுவந்து, கிழக்கே வறண்டு கிடந்த பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துக்குத் திருப்பிய வேலை. 1961ல் நேரு வந்து தொடங்கிவைத்தார். காமராஜர் முதல்வர், சி.சுப்பிரமணியம் அமைச்சர். எங்கள் பக்கத்தில் இன்றும் அந்தத் தொடக்க நாளைக் கொண்டாடுகிறோம்.

காமராஜர் 1954ல் வந்து 1956ல் போயிருந்தால் இது நடந்திருக்குமா? வைகை அணையும் சாத்தனூரும் நடந்திருக்குமா? கிண்டித் தொழிற்பேட்டை? நீண்ட காலம் ஒரே ஆள் இருந்ததால்தான் ஐந்தாண்டுத் திட்டம் என்ற சொல்லுக்கே இங்கே அர்த்தம் வந்தது. நாளை எண்ணுவது தப்பில்லை என்பேன்.

#3 பழைய_தாசில்

வணக்கம். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருவர் பேச்சிலும் ஒன்று விடுபட்டிருக்கிறது.

கொங்குநாடன் தம்பி, பி.ஏ.பி. வேலை தொடங்கியது காமராஜர் காலத்தில், சரி. கேரளத்துடன் முறையான ஒப்பந்தம் கையெழுத்தானது எப்போது? 1970 மே மாதம். இங்கே கருணாநிதி, அங்கே அச்சுத மேனன். 1958 முதலே நடைமுறையில் இருந்ததாகப் பின்தேதியிட்டுக் கையெழுத்து. இடையில் இங்கே மூன்று முதலமைச்சர்கள் மாறியிருந்தார்கள், ஒரு கட்சியே ஆட்சியிலிருந்து போயிருந்தது. வேலை நிற்கவில்லை. தண்ணீரை நம்பி எதிர்க் கரையில் இருந்த மாநிலமும் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. அப்படியானால் நீடித்தது யார்? பொறியாளர்கள், கோப்புகள், ஒதுக்கிய பணம்.

காமராஜரைப் பற்றி நான் வியப்பது அவர் ஒன்பதரை ஆண்டு இருந்ததை அல்ல. மற்றவர்களை இருக்கவிட்டதை. கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்தை அமைச்சராக்கினார். சி.எஸ். பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் ஆக்கினார். மொத்த அமைச்சரவையே எட்டுப் பேர். கல்வித் துறையில் நெ.து.சுந்தரவடிவேலுவை நம்பி விட்டார். மதிய உணவும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் ஒரே இயக்குநர் கையில் தொடர்ச்சியாக நடந்ததால்தான் ஊர் ஊராக வேர் பிடித்தன.

இப்போது என் அனுபவம். எந்த ஆட்சியர் அறைக்குள் போனாலும் சுவரில் ஒரு பலகை இருக்கும். பெயர், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. வெள்ளைக்காரன் காலத்து வரிகளில் நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று இருக்கும். கீழே வர வர எட்டு மாதம், ஒன்றரை ஆண்டு என்று சுருங்கும். பலகையில் இடம் போதாமல் பக்கத்தில் இன்னொன்று மாட்டியிருப்பார்கள்.

ஓர் ஏரி ஆக்கிரமிப்புக் கோப்பு என் மேசைக்கு வந்தபோது அதற்கு முன்னே நான்கு அதிகாரிகள் அதில் எழுதியிருந்தார்கள். முதலாமவர் அளக்கச் சொல்லியிருக்கிறார். சர்வேயர் புல வரைபடத்தோடு அளந்து, எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு, யார் கையில் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குள் அதிகாரி மாற்றல். அடுத்தவர் வந்ததும் ‘மீண்டும் நேராய்வு செய்து அறிக்கை தருக.’ மறுபடி அளவு. அவரும் மாற்றல். மூன்றாமவரும் அதே வரி. ஒவ்வொரு அளவிலும் ஆக்கிரமிப்பு கொஞ்சம் கூடியிருந்தது. முதல் வரைபடத்தில் வேலி இருந்த இடத்தில் கடைசி வரைபடத்தில் மாடி வீடு. அத்தனை காலமும் மேலே ஒரே ஆட்சிதான், ஒரே முதல்வர்தான்.

2013ல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. காவல்துறைத் தலைவருக்கு இரண்டு ஆண்டு என்று 2006லேயே பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது. எந்த மாநிலம் மனம் வந்து செய்கிறது? தலைவர்களின் நாளை எண்ணுகிறவர்கள் அந்தப் பலகையையும் ஒருமுறை படிக்க வேண்டும்.

#4 கயல்

தாசில் ஐயா, அந்தக் கோப்பு எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் ரிட் மனுவாக வந்து நிற்கும். நீங்கள் சொன்னது அப்படியே உண்மை.

நான் வைகைக்கரை பக்கம் ஒரு சான்று வைக்கிறேன். 1989 ஜனவரி கடைசியில் கலைஞர் மூன்றாம் முறை முதல்வரானார். 1991 ஜனவரி 30ல் ஆட்சி கலைக்கப்பட்டது. இரண்டே ஆண்டு. அந்த இரண்டு ஆண்டில் நடந்தவை: மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு, அரசுப் பணியில் பெண்களுக்கு 30 சதவீதம், உழவர்களுக்கு இலவச மின்சாரம், பிறகு மகளுக்கும் மகனுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு.

கடைசியாகச் சொன்னதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சட்டம் நடைமுறைக்கு வந்த தேதி 1989 மார்ச் 25. அதற்கு முன்பே மணமாகிப் போன பெண்களுக்கு அந்தச் சட்டத்தில் பங்கு இல்லை. எங்களிடம் வந்த ஒரு பாகப்பிரிவினையில் அக்காவுக்கு 1988ல் கல்யாணம், தங்கைக்கு 1990ல். ஒரே அப்பா, ஒரே நஞ்சை. தங்கை பங்கு கேட்டு வந்தார். அக்கா கூடவே வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்க முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது எனக்கு. பிறகு 2005ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டதும் அந்தத் தேதிக் கோடு பெரும்பாலும் அழிந்தது. 2020ல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது.

இரண்டு ஆண்டு ஆட்சி போட்ட ஒரு தேதி, இத்தனை வீடுகளுக்குள் போய் உட்கார்ந்தது. ஆந்திரத்தில் என்.டி.ராமாராவ் அரசு நமக்கு முன்பே செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்ற தீர்மானம் 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே போட்டாகிவிட்டது. அறுபது ஆண்டு மேடை மேடையாகப் பேசியதை ஒரு கூட்டத்தொடரில் சட்டமாக்கினார்கள். சுயமரியாதைத் திருமணமும் அப்படித்தான்; நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன பிறகும் நடத்திக்கொண்டே இருந்தார்கள். அதனால் கொங்குநாடன் சொன்ன ‘ஒரு கூட்டத்தொடரில் முடியும்’ என்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. பதவியில் இருந்த காலம் குறைவு. பதவிக்கு வெளியே உழைத்த காலம் மிக நீளம்.

#5 நொய்யல்_மகன்

கலைஞர் கலைக்கப்பட்டதை மட்டும் சொல்கிறீர்கள். எம்.ஜி.ஆரையும் 1980 பிப்ரவரியில் கலைத்தார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

#6 மட்டுறுத்துநர்

எந்தக் கட்சி பெரியது என்ற திசைக்கு இழை போக வேண்டாம். தலைப்பு பதவிக்காலம். அதில் நில்லுங்கள்.

#7 வைகைக்கரை

நொய்யல்_மகன் எடுத்தது தலைப்புக்குள்தான் வருகிறது. எம்.ஜி.ஆர். 1979ல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் ஒன்பதாயிரம் ரூபாய் என்று வரம்பு வைத்தார். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் பலத்த அடி. வரம்பை எடுத்துவிட்டு, 31 சதவீதமாக இருந்த ஒதுக்கீட்டை 50 ஆக்கினார். ஆட்சி கலைந்த பிறகும் சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்து வந்தார்.

இன்று நாம் பேசும் 69 சதவீதத்தில் அந்தக் கூடுதல் 19 சதவீதம் அந்தத் தோல்விக்குப் பிறகு வந்தது. பதவி போகலாம் என்று தெரிந்த ஒரு தலைவர் மக்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொண்டார். அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. பதவிக்கு ஒரு முடிவு இருப்பதால் வந்த நன்மை அது.

#8 வடமராட்சியான்

அந்தக் கடைசி வரிக்கு எங்கட நாட்டிலிருந்து மறுபக்கத்தைச் சொல்லுறன்.

1977 ஜூலையில் ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் கட்சி ஆறில் ஐந்து பங்கு பலத்தோடு வந்தது. நாடாளுமன்றத்தின் காலம் ஆறு ஆண்டு. 1983 ஆகஸ்டில் முடிய வேண்டும். முறையாகத் தேர்தல் வைத்தால் அந்தப் பலம் மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். 1982 டிசம்பர் 22ல் ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்து, இருக்கிற நாடாளுமன்றத்தையே இன்னும் ஆறு ஆண்டு நீடித்துக்கொண்டார். யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாக வேண்டாம் என்றுதான் வாக்களித்தது. மொத்தக் கணக்கில் அது எடுபடவில்லை.

அதற்கு அடுத்த கோடையில் என்ன நடந்தது என்று இங்கே சொல்லத் தேவையில்லை. 83 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு ஆறாம் திருத்தம் வந்து, தனிநாடு கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்யாதவர்களுக்கு ஆசனம் இல்லை என்றானது. தமிழ் மக்கள் தெரிவு செய்த பிரதான கட்சியின் உறுப்பினர்கள் இல்லாமலே அந்த நீட்டிய நாடாளுமன்றம் 1988 கடைசி வரைக்கும் இருந்தது. சனம் கொடுத்தது ஆறு ஆண்டு. அவர்கள் இருந்தது பதினொன்றுக்கு மேல். போர் வளர்ந்த ஆண்டுகள் முழுக்க ஒரு பொதுத் தேர்தலும் இல்லை.

பிறகு மகிந்த ராஜபக்ச. ஒருவர் இரண்டு தடவைதான் ஜனாதிபதி என்றிருந்த வரம்பை 2010ல் பதினெட்டாம் திருத்தத்தால் எடுத்தார். மூன்றாம் முறையும் நின்றார், இரண்டு ஆண்டு முந்தியே. 2015 ஜனவரியில் தோற்றார். அந்த ஆண்டே பத்தொன்பதாம் திருத்தம் வந்து இரண்டு தடவை வரம்பைத் திருப்பிக் கொண்டுவந்தது.

ஆகவே அண்ணை, எத்தனை நாள் இருந்தார் என்பதைவிட, போக வேண்டிய நாளில் போனாரா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. அதற்குப் பிறகுதான் அணையும் சட்டமும்.

#9 கொங்குநாடன்

வடமராட்சியான், விதியை மாற்றி நீட்டிக்கொள்வதை யாரும் ஆதரிக்க முடியாது. நான் பேசுவது மக்கள் மறுபடி மறுபடி வாக்களித்து நீடித்தவர்களை.

ஒடிசாவை எடுங்கள். 1999 அக்டோபர் பெரும்புயலில் பத்தாயிரத்தை ஒட்டிய உயிர்கள் போயின. அந்த ஆண்டுக் கடைசியில் பேரிடர் மேலாண்மைக்கென்று தனி ஆணையம் அமைத்தார்கள். அடுத்த சில மாதத்தில், 2000 மார்ச்சில், நவீன் பட்நாயக் வந்தார். 2024 வரை அவரே. கரையோரம் முழுக்கப் புயல் காப்பகங்கள், ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற ஆட்கள், ஆண்டுதோறும் ஒத்திகை. 2013ல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே இடம் மாற்றினார்கள். இறந்தவர்கள் சில பத்துகளோடு நின்றது.

இது ஒரே கையெழுத்தில் வருவதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பு என்று அதிகாரி சொன்னால் கிழவி நம்பிக் கிளம்ப வேண்டும். அந்த நம்பிக்கை வரவே பத்து ஆண்டு ஆகும்.

#10 கயல்

கொங்குநாடன், இது நல்ல சான்று, ஏற்கிறேன். ஆனால் எல்லா நீண்ட ஆட்சியும் அப்படி இல்லை. மேற்கு வங்கத்தில் ஜோதி பாசு 1977 முதல் 2000 வரை 23 ஆண்டு. குத்தகை விவசாயிகளைப் பதிவு செய்த ஆபரேஷன் பர்கா, முறையான பஞ்சாயத்துத் தேர்தல் இரண்டும் 1978லேயே தொடங்கியவை. அந்த ஆட்சியைப் பற்றி அதன் ஆதரவாளர்கள் இன்றும் முதலில் சொல்வது அந்த முதல் ஐந்தாண்டைத்தான்.

கேரளத்தில் ஈ.எம்.எஸ். இருந்தது 28 மாதம். 1957 ஏப்ரலில் பதவியேற்ற ஒரு வாரத்துக்குள் குடியானவனை நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம். 1959 ஜூலையில் ஆட்சியைக் கலைத்தார்கள். நிலச் சீர்திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1970 ஜனவரி 1, அச்சுத மேனன் ஆட்சியில். குடியிருந்தவனைக் காப்பாற்றியது முன்னவர், பட்டா கொடுத்தது பின்னவர். இதில் யார் நாளை எண்ணுவது?

#11 கடைமடை

திருவாரூர்ப் பக்கம். தாமதமாக வருகிறேன்.

வி.பி.சிங் பிரதமராக இருந்தது பதினொரு மாதம்தான். எங்களுக்கு அவர் பெயர் மறக்காது. 1990 ஜூன் 2ல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது அவர் ஆட்சியில். உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால் அமைத்தார் என்பது உண்மை. உத்தரவு வந்தும் இழுத்தடிக்க வழி தேடியிருக்கலாம், அவர் தேடவில்லை. மத்திய அரசுப் பணியில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கான மண்டல் அறிவிப்பு அதே ஆண்டு ஆகஸ்டில். இலங்கையிலிருந்து இந்தியப் படை முழுதாகத் திரும்பியதும் அதே ஆண்டு மார்ச்சில்.

ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1991ல் இடைக்கால ஆணை, 205 டி.எம்.சி. இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரியில், பிலிகுண்டுலுவில் 192. அரசிதழில் வெளியானது 2013ல். உச்ச நீதிமன்றம் 2018ல் 177.25 ஆக்கியது. மேலாண்மை ஆணையம் வந்தது அதே ஆண்டு ஜூனில். நடுவர் மன்றத்தை அமைத்தவர் தீர்ப்பு வரும்வரை இருந்தார், அரசிதழில் வருவதைப் பார்க்க அவர் இல்லை; 2008ல் போய்விட்டார். இந்த 28 ஆண்டில் எத்தனை பிரதமர், எத்தனை முதலமைச்சர். ஜூன் 12ல் மேட்டூர் திறப்பார்களா என்று அப்பா கேட்ட கேள்வியை இப்போது நான் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணாவின் காலத்தைப் பேசும்போது 1968 டிசம்பர் 25 வெண்மணியைத் தாண்டிப் போக எங்களால் முடியாது. விவசாயக் கூலிக் குடும்பங்களில் 44 பேர் எரிந்தது அவர் முதல்வராக இருந்தபோது. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு. எது மிஞ்சி நிற்கிறது என்று கணக்கெடுத்தால் அதுவும் மிஞ்சித்தான் நிற்கிறது.

#12 மேலூர்ப்பக்கம்

கடைமடை எழுதியதைப் படித்த பிறகுதான் எழுதத் தோன்றியது.

பிரதமர், முதல்வர் என்றே பேசுகிறோம். பதவிக்காலம் என்றால் என்ன என்று எங்கள் மதுரை மாவட்டத்தில் வேறு மாதிரிதான் கற்றுக்கொண்டோம். 1996 உள்ளாட்சித் தேர்தலில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஒன்று, ஊர்ப் பெரும்பான்மைச் சாதியினர் யாரையும் மனுப்போட விடமாட்டார்கள். இல்லையென்றால் தாங்களே ஓர் ஆளை நிறுத்துவார்கள். அவர் ஜெயித்ததாக அறிவிப்பார்கள். சான்றிதழ் வாங்கி, பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து. மறுபடி இடைத்தேர்தல், மறுபடி அதே. பத்து ஆண்டு இப்படியே ஓடியது. சட்டப்படி அங்கே தலைவர்கள் வந்தார்கள், போனார்கள்.

அதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் முருகேசன் ராஜினாமா செய்ய மறுத்தார். 1996 கடைசியில் தலைவரானார். 1997 ஜூன் 30ல் மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்பும்போது பேருந்தை மறித்து அவரையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அவருடைய பதவிக்காலம் ஆறு மாதம்.

2006 அக்டோபரில், அன்றைய ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசி, அந்த ஊராட்சிகளில் முறையான தேர்தல் நடந்தது. வந்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். அந்தத் தலைவர்களுக்குச் சென்னையில் அரசு விழா எடுத்தது.

ஆனால் நீடித்தால் போதுமா? ஊராட்சிக் காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் ஒதுக்கீட்டில் வந்தவர், துணைத் தலைவர் ஊர்ப் பெரும்பான்மை. அவர் கையெழுத்துப் போடமாட்டேன் என்றால் தெருவிளக்கு பல்பு வாங்க முடியாது, மோட்டார் மெக்கானிக்குக் கூலி கொடுக்க முடியாது. தண்ணீர் வராததற்குத் திட்டு மட்டும் தலைவருக்கு. பட்டியல் சாதித் தலைவர்கள் தேசியக் கொடி ஏற்றுவதை உறுதி செய்ய வேண்டும் என்று 2022 ஆகஸ்டிலும் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

வைகைக்கரை ஐயா, உங்கள் அளவுகோல் பெரிய தலைவர்களுக்குப் பொருந்தும். மேலவளவுக்கு என்ன அளவுகோல்?

#13 பழைய_தாசில்

மேலூர்ப்பக்கம் எழுதியதில் ஒரு சொல்லும் மிகை இல்லை. அந்தக் கால இடைத்தேர்தல் கோப்புகளை மதுரைப் பக்கம் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ‘மனு ஏதும் பெறப்படவில்லை’ என்று ஒரே வரி.

அதோடு சேர்த்து இன்னொன்று. 2016ல் நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்று ஆண்டு தனி அலுவலர் ஆட்சி. ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் தலையில் பல ஊராட்சிகள். பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 வரை இழுத்தது. நகராட்சிகளுக்கு 2022. அந்த 2019 தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்தது. மறுபடி தனி அலுவலர். முதலமைச்சர் நாற்காலி ஒரு நாள் காலியாக இருந்தால் நாடே பேசும். ஆயிரக்கணக்கான ஊராட்சித் தலைவர் நாற்காலி ஆண்டுக்கணக்கில் காலியாக இருந்தபோது செய்தித்தாளில் உள்பக்கத்தில் வந்தது.

#14 வைகைக்கரை

மேலூர்ப்பக்கம், நேராகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முருகேசன் விட்டுப்போனது சாலையோ சட்டமோ இல்லை. ராஜினாமா செய்ய மறுக்கலாம் என்பதை ஒருவர் செய்துகாட்டினார், உயிரைக் கொடுத்து. 2006ல் மற்ற ஊராட்சிகளில் ஒருவர் பதவியேற்று மறுநாளும் அலுவலகம் வந்தார் என்றால், அதற்கு முன்னே மேலவளவு இருக்கிறது. பதவியை விட்டுவிடு என்று எல்லாப் பக்கமும் நெருக்கும்போது உட்கார்ந்திருப்பதே செயல்தான். 1963ல் காமராஜர் தானாக எழுந்து போனதை நாம் போற்றுகிறோம். அவருக்கு எழுந்து போக உரிமை இருந்தது, போன பிறகு கட்சித் தலைமையும் இருந்தது. மேலவளவில் நாற்காலியை விடாமல் இருந்ததற்கு அதைவிடப் பெரிய மனம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆகவே தலைவர் பதவியில் இருந்த நாளையும் பார்க்க வேண்டும், அந்த நாளில் அவரால் கையெழுத்துப் போட முடிந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். எதிராளி வந்த பிறகும் மிஞ்சுவது என்ற என் பழைய அளவை நான் விடவில்லை. ஊராட்சி அளவில் அது இன்னும் கறாராகப் பொருந்தும்: அடுத்த முறை பொதுத் தொகுதியாக மாறியபிறகு அதே சமூகத்தவர் ஒருவர் மனுப்போட முடிகிறதா?

#15 மேலூர்ப்பக்கம்

அந்தக் கடைசிக் கேள்வியை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கம் பெரும்பாலும் முடிவதில்லை. ஒதுக்கீடு போனதும் ஆளும் போய்விடுகிறார். பெண்கள் தொகுதியிலும் அதே. இரண்டு முறை தலைவராக இருந்து நன்றாக நிர்வாகம் செய்த அம்மா, பொதுத் தொகுதி ஆனதும் வீட்டுக்குப் போய்விட வேண்டியிருக்கிறது.

#16 கொங்குநாடன்

வைகைக்கரைக்கு ஒரே ஒரு மறுப்பு.

எதிராளி வந்த பிறகு மிஞ்சுவதுதான் அளவு என்றால், எதிராளி வேண்டுமென்றே உடைத்ததை என்ன செய்வது? உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியது. நாங்கள் தக்காளியும் கத்தரிக்காயும் கொண்டுபோவோம். அடையாள அட்டையைக் காட்டினால் கடை, தராசு எல்லாம் தருவார்கள். காலையில் பலகையில் விலை எழுதுவார்கள், அந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. மண்டிக்குப் போனால் பத்துக்கு ஒன்று கமிஷன். இங்கே ஒன்றும் இல்லை. பேருந்தில் கூடைக்குக் கட்டணம்கூட இல்லாமல் ஏற்றினார்கள்.

2001ல் ஆட்சி மாறியது. எங்கள் சந்தைக்கு யாரும் பூட்டுப் போடவில்லை, கவனிக்காமல் விட்டார்கள். விலைப்பலகை எழுத ஆள் வரவில்லை. உள்ளே இருந்த கடைகள் பாதிக்கு மேல் காலி. வாசலுக்கு வெளியே வியாபாரிகள் கடை போட்டார்கள். உங்கள் அளவுகோலில் அந்த ஐந்து ஆண்டுக்கு உழவர் சந்தை தோற்றுப்போன திட்டம். 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது, அடுத்து வந்த ஆட்சிகளில் யாரும் கைவைக்கவில்லை.

சமச்சீர்க் கல்வியையும் இப்படித்தான் 2011ல் நிறுத்தப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதற்குச் சட்டம் இருந்தது, வழக்குப் போட ஆள் இருந்தது. சந்தைக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த ஐந்து ஆண்டும் அதைக் காப்பாற்றியது, ஆள் வராவிட்டாலும் விடியற்காலை நாலரைக்கு மூட்டையோடு வந்து, மண்டி விலையைக் கேட்டுத் தாங்களே பலகையில் எழுதிக்கொண்டு உட்கார்ந்த பத்துப் பன்னிரண்டு விவசாயிகள். அதில் எங்கள் அம்மாவும் ஒருத்தி. அந்த ஐந்து ஆண்டை யார் கணக்கில் எழுதுவீர்கள், சொல்லுங்கள்.